கேட்பாரற்றுக் கிடந்த வண்டி மாதிரி ஒரு மாடலைப் பழசாக்குவது எப்படி

குட்டி கார், லாரி மாடலைப் பெயின்டால் பழசாக்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓடித் தேய்ந்த வண்டி வேறு, கேட்பாரற்றுக் கிடந்த வண்டி வேறு. தினமும் ஓடுகிற லாரியில் கைப்பிடி ஓரத்திலும் படியிலும் பெயின்ட் தேய்ந்திருக்கும், சக்கரத்துக்குப் பின்னால் சேறு தெறித்திருக்கும். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றுபோன வண்டியைத் தின்பது மழையும் வெயிலும்தான். அதனால் பிரஷ்ஷை எடுப்பதற்கு முன்னால் மாடலைக் கையில் வைத்துக்கொண்டு, இதன் மேல் மழை பெய்தால் தண்ணீர் எங்கே வழியும், எங்கே தேங்கும் என்று நிதானமாகப் பாருங்கள். கண்ணாடி ரப்பரின் அடி ஓரம், கதவின் கீழ் மடிப்பு, சக்கர வளைவின் உள்பக்கம் என்று தண்ணீர் தங்குகிற இடத்தில்தான் துரு கிளம்பும். பானெட், கூரை, டிக்கி மூடி இதெல்லாம் வெயிலின் பங்கு.

சரி, வேலைக்கு வருவோம். பிரைமர் என்கிற அடிப்பூச்சு காய்ந்ததும் துருவைத்தான் முதலில் அடிக்க வேண்டும், வண்டியின் நிறத்தை அல்ல. டாமியா கம்பெனியின் எக்ஸ்எஃப்-64 பெயின்ட் மாதிரி ஒரு செம்பழுப்பை அடித்துவிட்டு, கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டால் அடர் பழுப்பையும் அங்கங்கே கொஞ்சம் ஆரஞ்சையும் ஒற்றி எடுங்கள். பழைய துரு கருத்துப் போயிருக்கும், புதுத் துருதான் ஆரஞ்சாகத் தெரியும். முழுக்க ஆரஞ்சு அடித்த மாடல் பொம்மை மாதிரிதான் இருக்கும். இதன் மேல் வார்னிஷ் ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்த பிறகு சாதாரண ஹேர்ஸ்ப்ரே மெல்லிசாக இரண்டு பூச்சு (பிறகு தண்ணீர் பட்டால் இது கரைந்து மேலே இருக்கும் நிறம் உரிந்து வரும்), அதுவும் காய்ந்ததும் வண்டியின் நிறம். இந்த நிறம் அக்ரிலிக்காக இருக்க வேண்டும், தண்ணீரில் கரைத்து மெல்லிசாக அடித்தால் சுலபமாக உரியும். தின்னரில் கரைக்கும் லேக்கர் பெயின்ட் அடித்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, ஒன்றும் உரியாது.

பெயின்ட் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் உரிக்க ஆரம்பித்துவிடுங்கள், நாட்கணக்கில் விட்டால் இறுகிப்போகும். வேண்டிய இடத்தை மட்டும் தண்ணீரால் நனைத்து அரை நிமிஷம் விட்டு, முடி குட்டையான பழைய பிரஷ்ஷால் மெதுவாகக் குத்துங்கள். முதலில் ஓரம் லேசாகச் சுருங்கும், அப்புறம் சின்னச் சின்னச் செதிலாகப் பெயின்ட் கிளம்பும், அடியில் இருக்கும் துரு தெரியும். அங்கே கையை நிறுத்திவிட்டு ஒரு கணக்குப் போடுங்கள்: 1/24 அளவு மாடலில் 1 மி.மீ. உரிந்தால் நிஜ வண்டியில் அது 2.4 செ.மீ. உரித்தது போதும் என்று தோன்றும்போதே பெரும்பாலும் அதிகமாகியிருக்கும்.

இன்னொன்று, எல்லாமே துருப்பிடிக்காது. பிளாஸ்டிக் பம்பர் வெளுத்துச் சாம்பல் பூக்கும், அலுமினியத்தில் வெள்ளையாகப் பொரியும். அங்கேயும் துரு நிறத்தை அப்பினால் மற்ற இடத்தில் பட்ட பாடெல்லாம் வீண்.

வெளுப்புக்கும் வழிசலுக்கும் ஆயில் பெயின்ட்தான் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் சரியில்லை என்றால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். பெயின்டை அட்டையின் மேல் பிதுக்கிக் கொஞ்ச நேரம் விட்டால் எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், காய்ந்த பிறகு பளபளக்காது. பானெட்டிலும் கூரையிலும் வெள்ளை, வெளிர் மஞ்சள் என்று குட்டிக் குட்டிப் புள்ளி வைத்து, வைட் ஸ்பிரிட்டில் (ஆயில் பெயின்டைக் கரைக்கும் திரவம்) நனைத்துத் துடைத்த பிரஷ்ஷால் தட்டித் தட்டிக் கலைத்துவிடுங்கள். துரு வழிசலுக்கு உரிந்த இடத்தின் அடியில் பழுப்பில் ஒரு புள்ளி வைத்து நேர் கீழாக இழுங்கள், மேலே அடர்த்தியாகவும் கீழே போகப் போக மங்கலாகவும் வர வேண்டும். எல்லா வழிசலும் ஒரே நீளத்தில் இருந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

டயரின் அடிப்பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்குங்கள், காற்றுப் போய் உட்கார்ந்த மாதிரி வரும். கண்ணாடியில் வைப்பர் துடைத்த அரைவட்டம் வேண்டவே வேண்டாம், யாரும் ஓட்டாத வண்டியில் வைப்பரை யார் போட்டது?

தூசி கடைசி. அதற்கு முன்னால் பளபளக்காத மேட் வார்னிஷை முடித்துவிடுங்கள், தூசியின் மேல் வார்னிஷ் அடித்தால் பாதி மறைந்துபோகும். தூசிக்கான பிக்மென்ட் பவுடர் (நிறப் பொடி) இல்லையென்றால் சாக்பீஸ் மாதிரி இருக்கும் சாஃப்ட் பேஸ்டலை உப்புத்தாளில் உரசிக்கொள்ளலாம், எண்ணெய் பேஸ்டல் ஆகாது. இந்தப் பொடி மூச்சில் போகக் கூடாது, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், வைட் ஸ்பிரிட்டுக்கு ஜன்னலையும் திறந்து வையுங்கள். வைப்பர் அடியிலும் மூலைகளிலும் பொடியைத் தூவி, பிரஷ் நுனியால் வைட் ஸ்பிரிட் ஒரு சொட்டுத் தொட்டு வைத்தால் தானே பரவி இறங்கும். ஈரமாக இருக்கும்போது கருத்துத் தெரியும், காய்ந்தால்தான் நிஜ நிறம் வரும், அதுவரை மேலே மேலே தூவ வேண்டாம். தூசி போட்ட இடத்தில் விரல் பட்டால் தடம் விழுந்துவிடும் என்பதால் மாடலை அடிப்பலகையில் ஒட்டிவிட்டே இந்தக் கட்டத்துக்கு வாருங்கள்.