1972 மியாமி டொல்பின்ஸ் சீசனைக் கொப்பியில் கட்டுவது எப்படி

வெற்றி தோல்வியை மட்டும் பார்த்தால் 1972 மியாமி டொல்பின்ஸின் சீசன் ஒரே வரியில் முடிந்துவிடும்: 17 ஆட்டம், 17 வெற்றி. அமெரிக்கத் தொழில்முறை புட்போல் லீக்கான என்.எப்.எல்.லில் லீக் ஆட்டங்களையும் நொக்-அவுட் ஆட்டங்களையும் ஒன்றுவிடாமல் வென்று கிண்ணத்தையும் தூக்கிய அணி இன்றுவரை இது ஒன்றுதான். அந்த ஒரு வரியை ஆட்டம் ஆட்டமாகப் பிரித்து, கூட்டிச் சரிபார்த்து, கொப்பியில் ஏற்றும் முறைதான் இது. தோட்டத்து இளைஞர் கழகத்திலோ பாடசாலை விளையாட்டு மன்றத்திலோ பழைய சீசன்களை எழுதிவைக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது கஷ்டம். எண்கள் முழுமையாகக் கிடைக்கின்றன, எல்லாவற்றையும் சரிபார்க்கலாம். அந்த ஆண்டின் விதிகளோ இன்றைய விதிகளிலிருந்து பல இடங்களில் விலகி நிற்கின்றன. பழைய சீசனை அந்த ஆண்டின் விதியை வைத்துத்தான் அளக்க வேண்டும். பிழைகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருகின்றன.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு முதலில் நாலு வரி. நான்கு முயற்சிக்குள் 10 யார்ட் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. ‘டச்டவுன்’ (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது) 6 புள்ளி, அதன் பின்னான உதை 1, ‘பீல்ட் கோல்’ (ஆட்டத்தின் நடுவே பந்தைக் கோல் கம்பங்களுக்கு இடையால் உதைப்பது) 3, ‘சேப்டி’ (பந்து வைத்திருப்பவரை அவருடைய சொந்தக் கோல் கோட்டுக்குப் பின்னால் மடக்குவது) 2. ரக்பி தெரிந்த கண்டிப் பிள்ளைகளிடம் இரண்டு வித்தியாசத்தைச் சொன்னால் போதும்: இங்கே பந்தை முன்னால் எறியலாம், பந்து இல்லாத ஆளையும் மறிக்கலாம். முன்னால் எறிபவர் குவாட்டர்பேக். அவருக்குக் கொப்பியில் தனி நிரல் வேண்டும்.

மைதானத்தை வரைதல்

கணக்குக்கு முன் மைதானம். பலர் இதை விட்டுவிட்டுப் புள்ளிக்கு ஓடுகிறார்கள், பிறகு அந்த ஆண்டு பந்தை ஏந்தி ஓடும் ஓட்டக்காரர்கள் ஏன் அவ்வளவு யார்ட் எடுத்தார்கள் என்று விளங்காமல் நிற்கிறார்கள்.

ஒரு டிமை தாள் எடுங்கள். நீளப்பக்கம் 540 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஓர் அடிக்கு 1.5 மி.மீ. என்று அளவுத்திட்டம் வையுங்கள். மைதானம் 360 அடி நீளம், 160 அடி அகலம். தாளில் 540 மி.மீ., 240 மி.மீ. (தோட்டத்து ஆட்களிடம் இதை ஏக்கரில் சொல்லலாம்: 1.32 ஏக்கர்.) இரு முனையிலும் 45 மி.மீ. விட்டுக் குறுக்குக் கோடு போடுங்கள். அதுதான் கோல் கோடு. நடுவில் மிஞ்சும் 450 மி.மீ.தான் 100 யார்ட். 10 யார்ட்டுக்கு 45 மி.மீ. வீதம் பென்சிலால் பிரியுங்கள்.

இப்போது முக்கியமான கோடு. ஒவ்வொரு முயற்சியும் மைதானத்தின் நெடுகே ஓடும் இரண்டு குறிவரிசைகளுக்கு இடையிலேயே தொடங்க வேண்டும். 1971 வரை அந்த வரிசைகள் பக்கக் கோட்டிலிருந்து 60 அடியில் இருந்தன. தாளில் இரு பக்கமும் 90 மி.மீ., நடுவில் 60 மி.மீ. 1972இல் அவற்றை உள்ளே தள்ளினார்கள்: பக்கக் கோட்டிலிருந்து 70 அடி 9 அங்குலம், இடைவெளி 18 அடி 6 அங்குலம். தாளில் 106, 28, 106. பழையதைப் பென்சிலாலும் புதியதைச் சிவப்பு மையாலும் போட்டுப் பாருங்கள். பழைய முறையில் ஓரமாக ஆட்டம் தொடங்கினால் ஒரு பக்கத்தில் ஓட இடம் குறைவு. புதிய முறையில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமம், தடுப்பவர்களால் எந்தப் பக்கத்தையும் கைவிட முடியாது. அந்த ஆண்டு லீக்கில் 10 பேர் 1,000 யார்ட்டுக்குக் குறையாமல் ஓடியதற்கு இதைப் பெரிய காரணமாகச் சொல்வார்கள்.

கோல் கம்பத்தைக் கோல் கோட்டின் மேலேயே வரையுங்கள். அது 10 யார்ட் பின்னால் போனது 1974இல்தான். ஆகவே 1972இன் 42 யார்ட் உதை என்றால் பந்து 42 யார்ட் கோட்டில் வைக்கப்பட்டது. இன்று அதே இடத்திலிருந்து உதைத்தால் 52 என்று எழுதுவார்கள். இரண்டு காலத்து உதைகளை அருகருகே வைத்து ஒப்பிடுகிறவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

ஹட்டன், நுவரெலியா பக்கத்து ஈரத்தில் டிமை தாள் ஓரிரு நாளில் சுருளும், கோடும் விலகும். வரையத் தொடங்கிய அன்றே முடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுவிடுங்கள்.

கொப்பியில் நிரல்கள்

நீளமான சி.ஆர். கொப்பியில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒன்பது நிரல் போடுங்கள்: வாரம், திகதி, எதிரணி, உள்ளூரா வெளியூரா, நம் புள்ளி, எதிரணிப் புள்ளி, நம் கூட்டுத்தொகை, எதிரணிக் கூட்டுத்தொகை, தொடங்கிய குவாட்டர்பேக். குறிப்புக்கு வலது ஓரத்தில் அகலமாக இடம் விடுங்கள். தோட்டத்து வேலைநாள் பதிவேடான செக்ரோலில் நாளாந்தம் பெயர் விழுந்து மாதக் கடைசியில் கூட்டுவது போல, வரி வரியாகக் கூட்டிக்கொண்டே போனால் பிழை எந்த வரியில் விழுந்தது என்று உடனே தெரியும்.

லீக் ஆட்டங்கள் 14. வெளியூர் ஆட்டத்துக்கு ‘வெ’ போட்டிருக்கிறது:

1. செப். 17, கன்சாஸ் சிட்டி (வெ), 20–10
2. செப். 24, ஹூஸ்டன், 34–13
3. ஒக். 1, மினசோட்டா (வெ), 16–14
4. ஒக். 8, நியூயோர்க் ஜெட்ஸ் (வெ), 27–17
5. ஒக். 15, சான் டியேகோ, 24–10
6. ஒக். 22, பஃபலோ, 24–23
7. ஒக். 29, பல்டிமோர் (வெ), 23–0
8. நவ. 5, பஃபலோ (வெ), 30–16
9. நவ. 12, நியூ இங்கிலாந்து, 52–0
10. நவ. 19, நியூயோர்க் ஜெட்ஸ், 28–24
11. நவ. 27, சென்ட் லூயிஸ், 31–10
12. டிச. 3, நியூ இங்கிலாந்து (வெ), 37–21
13. டிச. 10, நியூயோர்க் ஜயன்ட்ஸ் (வெ), 23–13
14. டிச. 16, பல்டிமோர், 16–0

கூட்டுத்தொகை 385–171 வர வேண்டும். வராவிட்டால் உள்ளூரையும் வெளியூரையும் பிரித்துக் கூட்டுங்கள்: உள்ளூர் 7 ஆட்டம் 209–80, வெளியூர் 7 ஆட்டம் 176–91. எந்தப் பாதி ஒத்துவரவில்லையோ பிழை அங்கே இருக்கிறது.

திகதியில் இரண்டு பொறி. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். 10/8/72 என்றால் ஒக்டோபர் 8. நம் பழக்கத்தில் வாசித்தால் ஓகஸ்ட் 10 ஆகி, சீசன் தொடங்கும் முன்பே நான்காவது ஆட்டம் முடிந்துவிடும். அதனால் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். அடுத்தது நேர வித்தியாசம். நவம்பரில் மியாமியில் பகல் 1 மணி என்றால் இங்கே இரவு 11.30. ஆட்டம் முடியும்போது நமக்கு மறுநாள் ஆகிவிடும். எப்போதும் ஆட்டம் நடந்த ஊரின் திகதியையே போடுங்கள். 11ஆம் வார ஆட்டம் திங்கட்கிழமை, 14ஆம் வாரம் சனிக்கிழமை, மற்றவை ஞாயிறு. வாரத்துக்கு 7 நாள் கூட்டி நிரலை நிரப்ப வேண்டாம்.

அணிப் பெயர்களையும் அந்த ஆண்டுப்படியே வையுங்கள். அன்றைய பல்டிமோர் கோல்ட்ஸ் இன்று இண்டியானாபொலிஸில் இருக்கிறது; பல்டிமோரில் இப்போது ஆடுவது வேறு அணி. ஹூஸ்டன் ஒய்லர்ஸ் டெனசிக்கும், சென்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அரிசோனாவுக்கும், சான் டியேகோ சார்ஜர்ஸ் லொஸ் ஏஞ்சலஸுக்கும் போய்விட்டன. இன்றைய பெயரில் தேடி எடுத்த எண்ணைக் கொப்பியில் அன்றைய பெயரில் எழுதுவதுதான் சரி.

குவாட்டர்பேக் நிரலை வாசித்தல்

முதல் ஐந்து வரியில் பொப் கிரீசி. ஐந்தாவது ஆட்டத்திலேயே அவர் கால் முறிந்து வெளியேற, 38 வயது ஏர்ல் மொரால் உள்ளே வந்தார். பயிற்றுநர் டொன் ஷூலா முன்பு பல்டிமோரில் இருந்தபோதே அவரை அறிந்தவர். அந்த அணி கைவிட்டபோது 100 டொலர் கட்டி எடுத்து வைத்திருந்தார். 6 முதல் 14 வரை ஒன்பது வரியிலும் மொரால்தான்.

இரண்டு பகுதியையும் தனித்தனியே கூட்டினால் கிரீசி தொடங்கிய 5 ஆட்டத்தில் 121 புள்ளி, சராசரி 24.2. மொரால் தொடங்கிய 9 ஆட்டத்தில் 264, சராசரி 29.3. மாற்று ஆள் வந்த பிறகு அணி கூடுதலாக அடித்தது என்று இந்த இடத்தில் எழுதிவிட ஆசை வரும். பொறுங்கள். மொராலின் ஒன்பதில் இரண்டு ஆட்டம் 3–11 (3 வெற்றி, 11 தோல்வி) என்று முடித்த நியூ இங்கிலாந்துடன். அந்த இரண்டில் மட்டும் 89 புள்ளி. அவற்றைக் கழித்தால் 7 ஆட்டத்தில் 175, சராசரி சரியாக 25. கிரீசியின் கணக்குக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. மொராலின் பெருமை கூடுதலாக அடித்ததில் இல்லை. ஆள் மாறியும் அணியின் வேகம் குறையவில்லை என்பதில் இருக்கிறது. சராசரி எடுக்கும்போதெல்லாம், யாரோடு ஆடி எடுத்தது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

எதிரணிகளின் பலத்தையும் அதே கையோடு கணக்கிடுங்கள். 14 ஆட்டத்து எதிரணிகளின் சீசன் முடிவுகளைக் கூட்டினால் 70 வெற்றி, 122 தோல்வி, 4 சமநிலை. 1972இலிருந்து சமநிலை பாதி வெற்றியாக எண்ணப்பட்டது. அதன்படி 72ஐ 196ஆல் வகுத்தால் .367. அதற்கு முந்தைய முறையில் சமநிலையை விட்டுவிட்டு வகுத்தால் .365 வரும். வித்தியாசம் சிறிது, ஆனால் வேறு பட்டியலோடு ஒப்பிடும்போது எண் ஒத்துவராமல் மண்டை காய்வது இதனால்தான். பாதிக்கு மேல் வென்ற எதிரணிகள் கன்சாஸ் சிட்டியும் ஜயன்ட்ஸும் மட்டுமே, இரண்டும் 8–6. இதைக் கொப்பியில் மறைக்காமல் எழுதுங்கள். 17 வெற்றியின் மதிப்பு இதனால் குறையாது.

ஓட்டக்காரர்களுக்கு ஒரு தனிப் பக்கம் போதும். லரி சொங்கா 1,117 யார்ட், மேர்க்குரி மொரிஸ் 1,000, ஜிம் கிக் 521. அணி மொத்தம் 2,960, அன்றைய லீக் சாதனை. ஓர் அணியில் இருவர் 1,000 யார்ட் தொட்டது அதுவே முதல் முறை. மொரிஸுக்கு 991 என்று எங்காவது கண்டால் அது அச்சுப்பிழை அல்ல. சீசன் முடிந்தபோது அவர் கணக்கு 991தான். பஃபலோவுடனான ஆட்டமொன்றில் கைதவறிய பந்தின் 9 யார்ட் இழப்பு தவறாக அவர் பெயரில் விழுந்திருந்ததை லீக் பின்னர் பார்த்துத் திருத்தியது. இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு எண்ணையும் எழுதி, திருத்தத்தின் காரணத்தைக் குறிப்பில் போடுங்கள். பழையதை அழித்துவிட்டால் அடுத்து வாசிப்பவர் பழைய பத்திரிகையைப் பார்த்துக் குழம்புவார்.

தடுப்பாளர்களுக்கு ‘சேக்’ (குவாட்டர்பேக் பந்தை எறியும் முன் அவரை மடக்குவது) எண்ணிக்கை தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். தனிநபர் பெயரில் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982இல்.

நொக்-அவுட் ஆட்டங்கள்

இவற்றை லீக் கூட்டுத்தொகையோடு கலக்காமல் புதுப் பக்கத்தில் தொடங்குங்கள். டிச. 24, கிளீவ்லாண்டுடன் மியாமியில் 20–14. டிச. 31, பிட்ஸ்பேர்க்கில் 21–17. 1973 ஜனவரி 14, லொஸ் ஏஞ்சலஸில் வாஷிங்டனுடன் என்.எப்.எல். இறுதியாட்டமான ஏழாவது சுப்பர் போல், 14–7. மூன்றும் சேர்த்து 55–38. சீசன் முழுவதற்கும் 440–209.

கடைசி ஆட்டம் 1973இல் நடந்தாலும் சீசன் 1972தான். 1972 ஜனவரியில் நடந்த சுப்பர் போலில் இதே அணி டலஸிடம் 24–3 என்று தோற்றது. அது 1971 சீசனுக்குரியது. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் தோல்வியே இல்லாத சீசனில் ஒரு தோல்வி வந்து உட்கார்ந்துவிடும்.

14–0 எடுத்த அணி ஏன் 11–3 எடுத்த பிட்ஸ்பேர்க்கின் மைதானத்துக்குப் போனது என்று வாசிப்பவர் நிச்சயம் கேட்பார். அன்று நொக்-அவுட் ஆட்டத்தின் இடம் சுழற்சி முறையில் முடிவானது; வெற்றிக் கணக்கை வைத்து உள்ளூர் வாய்ப்பைக் கொடுக்கத் தொடங்கியது 1975இல். அந்த ஆட்டத்தைத் தொடங்கியவர் மொரால். இரண்டாம் பாதியில் குணமாகி வந்த கிரீசி இறங்கினார். தொடங்கியவர் பெயரையும் முடித்தவர் பெயரையும் எழுதுங்கள். சுப்பர் போலில் கிரீசியே தொடங்கினார்.

புள்ளி வித்தியாச நிரல் ஒன்றை இந்த இடத்தில் சேர்த்தால் சீசனின் உண்மையான பாரம் தெரியும். லீக்கின் 14 ஆட்டத்தில் 7 புள்ளிக்குள் முடிந்தவை மூன்றே: மினசோட்டாவுடன் 2, பஃபலோவுடன் 1, ஜெட்ஸுடன் 4. நொக்-அவுட்டில் மூன்றுமே 7 புள்ளிக்குள்: 6, 4, 7. கடைசி ஆட்டமும் இவ்வளவு நெருங்கியதற்கு ஓர் உதைதான் காரணம். 14–0 என்றிருக்க, சுமார் இரண்டு நிமிடம் மிஞ்சிய நேரத்தில், காரோ யெப்ரேமியனின் 42 யார்ட் உதை தடுக்கப்பட்டது. திரும்பி வந்த பந்தை அவர் எடுத்து எறியப் பார்க்க, அது கைநழுவி மேலே எழும்பியது. மைக் பாஸ் பிடித்து 49 யார்ட் ஓடி டச்டவுன் போட்டார். உதை உள்ளே போயிருந்தால் முடிவு 17–0.

உங்கள் கழகத்துக்கு

இதே நிரல்களைக் கண்டி, தரவளை, ரதல்ல பக்கத்துப் பழைய ரக்பி சீசன்களுக்கும் போடலாம். குவாட்டர்பேக் இருந்த இடத்தில் அணித்தலைவர் அல்லது உதைப்பவர் பெயர். முதல் வேலை, ‘ட்ரை’க்கு அந்த ஆண்டு எத்தனை புள்ளி என்று பக்கத்தின் தலையில் எழுதுவது: 1971 வரை 3, பிறகு 4, 1992இலிருந்து 5. இதை எழுதாமல் பழைய முடிவை ட்ரையும் உதையுமாகப் பிரிக்கப் பார்த்தால் எண் ஒருநாளும் ஒத்துவராது. றோயல், டிரினிட்டி கல்லூரிகள் ரக்பியில் மோதும் பிராட்பி கேடயம் போல இரண்டு ஆட்டத்தின் மொத்தப் புள்ளியில் முடிவாகும் போட்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். பழைய ட்ரைகளை இன்றைய 5 புள்ளிக்கு மாற்றிக் கூட்டினால் கேடயமே கைமாறிவிடலாம். அன்று மைதானத்தில் விழுந்த புள்ளியை அப்படியே எழுதுங்கள்.