பல்வலி நின்றுவிட்டது என்று இருந்துவிடாதீர்கள்

கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், பல நாள் குடைந்த சொத்தைப் பல் திடீரென அடங்கிவிட்டால், சரியாகிவிட்டது என்று எண்ணிப் பலர் மறுநாளே இலை பறிக்கப் போய்விடுகிறார்கள். ஒரு நாள் கூலியை விட்டு டவுனுக்குப் போய்வருவது எளிதல்ல என்பது உண்மையே. ஆனால் வலி அடங்கியதற்குக் காரணம், பெரும்பாலும் பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போனதுதான். கிருமிகளோ வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் பரவிக்கொண்டிருக்கும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நான்கைந்து ஆன்டிபயாடிக் மாத்திரைகளோடு நிறுத்திக்கொள்வது அடுத்த தவறு. செத்த நரம்புக்கு இரத்த ஓட்டம் இல்லாததால் மருந்து அந்த இடத்தை எட்டுவதே இல்லை. வீக்கம் சற்று வடியலாம். பல்லின் உள்ளே சுத்தம் செய்து அடைக்கும் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்யும் வரையிலோ பல்லைப் பிடுங்கும் வரையிலோ நோயின் இருப்பிடம் அப்படியேதான் இருக்கும்.

மலையில் வாழ்பவர்களுக்கே உரிய தவறு, எல்லாவற்றையும் பனியின் மேல் போடுவது. கன்னம் வீங்கினால் குளிர்காற்று பட்டுவிட்டது என்று உப்பை வறுத்து ஒத்தடம் கொடுக்கிறார்கள். சீழ் கட்டியிருக்கும்போது வெளியில் சூடு காட்டினால் அது கன்னத்தின் தோலை உடைத்துக்கொண்டு வரக்கூடும். வெதுவெதுப்பான உப்புநீரால் வாய் கொப்பளிப்பதில் தவறில்லை. மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் என்னும் காற்றறையை ஒட்டியிருப்பதால், ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமுள்ள சளி நாள்கணக்கில் வந்தால், ஆவி பிடிப்பதோடு நில்லாமல் பல்லையும் காட்ட வேண்டும்.

செயற்கை இதய வால்வு உள்ளவர்களும், இதய உட்சவ்வில் ஒருமுறை தொற்று வந்தவர்களும் அதைப் பல் மருத்துவரிடம் சொல்லாமல் விடவே கூடாது. வாய்க்கிருமிகள் இரத்தத்தில் கலந்து வால்வில் ஒட்டி வளரக்கூடும் என்பதால், இவர்களுக்குப் பல் பிடுங்குவதற்கு 30 முதல் 60 நிமிடம் முன்பே ஆன்டிபயாடிக் கொடுப்பது வழக்கம். இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவது இன்னும் ஆபத்து. சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறுத் தொற்று சர்க்கரையைக் கூட்டும். கூடிய சர்க்கரை ஈற்றை மேலும் கெடுக்கும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழைத்தான். அது நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் இருபுறமாகப் பரவினால் நாக்கு மேலே தள்ளப்பட்டு மூச்சுக்குழல் வழி அடைபடும். 1836-இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் விவரித்த இந்த நோய், சில மணி நேரத்திலேயே முற்றிவிடக்கூடியது. தாடைக்கடியில் கல்போல் வீக்கம், வாய் திறக்க முடியாமை, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழிவது, குரல் மாறுவது, காய்ச்சல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் பெரிய மருத்துவமனையை அடையவே நேரம் பிடிக்கும் என்பதால், இரவானாலும் உடனே 108-ஐ அழைத்து, மூச்சுத் திணறல் இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவைத்தே கொண்டுசெல்ல வேண்டும்.