கணினி படுத்துவிட்டால் எழுத்தை மீட்கும் வழி

எழுதிக்கொண்டிருக்கும்போது திரை கறுத்துவிட்டால், கணினியைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். கடைசியாக எழுதிய இரண்டு மூன்று பத்திகளை நினைவு உள்ளபோதே கையால் எழுதி வையுங்கள். மைக்ரோசாஃப்ட் வேர்ட் இயல்பாக 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்புப் பிரதி எடுக்கும். அந்த இடைவெளியில் எழுதியது உங்கள் தலையில் மட்டும்தான் இருக்கிறது. ஒரு மணி நேரம் வயரோடும் ஸ்க்ரூவோடும் மல்லுக்கட்டிவிட்டு வந்தால் அதுவும் கலைந்துபோகும்.

எழுத்தை வெளியே எடுப்பது ஒரு வேலை, கணினியைச் சரிசெய்வது இன்னொரு வேலை. முதலாவது முடியாமல் இரண்டாவதைத் தொடங்கவே கூடாது. சர்வீஸ் கடையில், "ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டாச் சரியாயிடும் சார், டி டிரைவ் அப்படியே இருக்கும்" என்பார்கள். டி டிரைவ் அப்படியே இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் இயல்பாக விண்டோஸ் உள்ள, ஃபார்மட்டில் அழியும் சி டிரைவுக்குள் இருக்கின்றன. கைப்பிரதியை, அதாவது எழுதும் கதை கட்டுரைக் கோப்பை, டெஸ்க்டாப்பில் வைத்திருப்பவர்கள் அங்கேதான் மொத்தத்தையும் இழக்கிறார்கள்.

எது கெட்டிருக்கிறது?

லேப்டாப்பில் விளக்கே எரியவில்லை என்றால் சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரியைக் கழற்ற முடிந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகிப் போடுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்தாலே உயிர் பெறும் லேப்டாப்கள் உண்டு. விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் டார்ச் விளக்கைத் திரைமீது சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துகள் தெரிந்தால் திரையின் பின்விளக்குதான் போயிருக்கிறது. எச்.டி.எம்.ஐ. வயரில் வீட்டு டிவியோடு இணைத்தால் அப்படியே வேலை தொடரலாம்.

மேசைக் கணினி பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றால் முதல் சந்தேகம் ராம் என்ற நினைவகப் பட்டை மீது. மின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, ராமை எடுத்து, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, இரு பக்கமும் கிளிப் விழும் வரை அழுத்துங்கள். கணினி ஓடுகிறது, ஆனால் தேதி பல ஆண்டு பின்னால் போய், ஜிமெயில் திறக்க மறுக்கிறது என்றால், உள்ளே உள்ள முதன்மைப் பலகையான மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

தேநீர் கொட்டியிருந்தால் வேறு எதையும் சோதிக்காதீர்கள். உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கூடாரம்போலத் திறந்து கவிழ்த்து வையுங்கள். "ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று போடும்போதுதான் போர்டு எரிகிறது. சர்க்கரை காய்ந்தாலும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், பிரித்துச் சுத்தம் செய்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

விண்டோஸ் மட்டும் ஏற மறுத்தால்

லோகோ வந்து, வட்டம் சுற்றி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறதா? லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்தி மூன்று முறை அணையுங்கள். அடுத்த முறை பழுதுபார்ப்புத் திரை வரும். அங்கே 'ரீசெட் திஸ் பிசி' பக்கம் போகாதீர்கள். 'ட்ரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ்', 'கமாண்ட் ப்ராம்ப்ட்' என்று போய், கறுப்புத் திரையில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். நோட்பேட் திறக்கும். அதில் 'ஃபைல்', 'ஓப்பன்' போய், கீழே 'டெக்ஸ்ட் டாக்குமென்ட்ஸ்' என்று இருப்பதை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் அந்தச் சின்னப் பெட்டியே கோப்புகளை மேயும் ஜன்னலாகிவிடும். 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் உங்கள் பெயரைத் தேடி, கைப்பிரதி உள்ள கோப்புறையை ரைட் கிளிக் செய்து காப்பி எடுத்து, பென் டிரைவில் பேஸ்ட் செய்யுங்கள். இந்தத் திரையில் டிரைவ் எழுத்துகள் மாறியிருக்கலாம். உங்கள் சி டிரைவ் டி என்றோ ஈ என்றோ தெரிந்தால் பதற வேண்டாம். பிரதியெடுக்கும்போது பச்சைக் கோடு எதுவும் ஓடாது, ஜன்னல் உறைந்ததுபோல நிற்கும். காத்திருங்கள்.

நடுவில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க எண் கேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் போன் வழியாக நுழைந்து மீட்புச் சாவியைத் தேடுங்கள். அந்த எண் இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் டிஸ்க்கைப் படிக்க முடியாது. கணினி நன்றாக இருக்கும்போதே அதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

நோட்பேட் வழி பலிக்காவிட்டால், நண்பர் கணினியில் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் மென்பொருள் கொண்டு, விண்டோஸ் இல்லாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும் இயங்குதளமான உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட் ஏற்றி வாருங்கள். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், கவனம். டெல், லெனோவோ, ஏசரில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஏசூஸில் எஸ்கேப் சாவியைத் தட்டிக்கொண்டே பவர் போட்டால் எதிலிருந்து தொடங்குவது என்ற தேர்வுப் பட்டியல் பெரும்பாலும் வரும். அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். உபுண்டு கேட்கும்போது 'ட்ரை' என்பதைத் தேர்ந்தெடுத்து, கோப்புகளை அங்கிருந்தே பிரதியெடுங்கள். 'இன்ஸ்டால்' என்பது டிஸ்க்கைத் துடைத்துவிடக்கூடும்.

டிஸ்க்கையே கழற்றி வேறு கணினியில் இணைக்க நேர்ந்தால் வாங்கும் வயர் பொருந்த வேண்டும். பழைய லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்குக்கு யு.எஸ்.பி. சாட்டா வயர் போதும். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க் 12 வோல்ட் கேட்கும், எனவே தனி அடாப்டர் உள்ளதாக வாங்குங்கள். சூயிங்கம் பட்டைபோல இருக்கும் எம்.2 வகையில் இரண்டு இனம். தங்கப்பல் வரிசையில் வெட்டு ஒன்று என்றால் அநேகமாக என்.வி.எம்.இ., இரண்டு என்றால் சாட்டா. அதைப் பொருத்தி யு.எஸ்.பி.யில் இணைக்கும் உறையும் அதற்கேற்றதாக வேண்டும். சென்னையில் ரிச்சி தெருவில் டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்தே வாங்கலாம்.

ஹார்டு டிஸ்க் 'டிக், டிக்' என்று சீராகச் சத்தம் போட்டால் உடனே அணையுங்கள். உள்ளே படிக்கும் முனை இடம் பிடிக்க முடியாமல் தடுமாறுகிறது; ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தகட்டைச் சுரண்டக்கூடும். டிஸ்க்கைச் சோதித்துத் திருத்தும் செக்டிஸ்க் கட்டளையைப் போடாதீர்கள், ஃபிரீசரில் வைக்காதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள். திரும்ப எழுத முடியாத கைப்பிரதி என்றால் தூசியில்லா அறை உள்ள டேட்டா மீட்புக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். சுழலும் தகடு இல்லாத எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க் சத்தமே இல்லாமல் சாகும். அதில் தவறி அழித்த கோப்பு, காலி இடத்தைத் துடைத்துவைக்கும் ட்ரிம் என்ற வசதியால் சீக்கிரமே நிரந்தரமாகப் போய்விடும்.

எதையெல்லாம் எடுப்பது?

கைப்பிரதிக் கோப்புறைக்கு அடுத்து, உங்கள் பெயருள்ள கோப்புறைக்குள் மறைந்திருக்கும் 'ஆப்டேட்டா'. அதில் 'ரோமிங்', 'மைக்ரோசாஃப்ட்', 'வேர்ட்' என்று போனால் ஏ.எஸ்.டி. என்று முடியும் மீட்புப் பிரதிகள் கிடைக்கலாம். ஒருமுறைகூடச் சேமிக்காத கோப்பு என்றால் 'லோக்கல்', 'மைக்ரோசாஃப்ட்', 'ஆஃபிஸ்', 'அன்சேவ்ட்ஃபைல்ஸ்' பாருங்கள். திறக்க மறுக்கும் வேர்டின் டி.ஓ.சி.எக்ஸ். கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொதி. அதை ஒரு பிரதி எடுத்து, பெயரின் வாலை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால், உள்ளே 'வேர்ட்' கோப்புறையில் 'டாக்குமென்ட்' என்ற எக்ஸ்.எம்.எல். கோப்பு இருக்கும். குறிகளுக்கு நடுவே உங்கள் வாக்கியங்கள் முழுசாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தமிழில் எழுதுகிறவர்கள் மறப்பது எழுத்துருக்களை. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை வேறு கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள், எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பழைய டிஸ்க்கின் 'விண்டோஸ்', 'ஃபான்ட்ஸ்' கோப்புறையை மொத்தமாகப் பிரதியெடுங்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் மென்பொருளில், இன்றைய பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும்போது மூலக்கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கி உளறும்.

அன்றைக்கே வேலைக்குத் திரும்ப

கணினி கடையில் கிடக்கும் நாட்களில் போன் போதும். ஆசிரியருக்கோ நண்பருக்கோ அனுப்பிய பிரதி ஜிமெயிலின் 'சென்ட்' பகுதியில் இருக்கும். போனிலிருந்தே வாட்ஸப்பில் அனுப்பியிருந்தால், ஆண்ட்ராய்டில் 'வாட்ஸப் டாக்குமென்ட்ஸ்' கோப்புறைக்குள் 'சென்ட்' என்று தனியாக ஒன்று உண்டு. சாட்டை அழித்திருந்தாலும் அங்கே தேடிப் பாருங்கள். கூகுள் டாக்ஸில் ஏற்றி அங்கிருந்து தொடருங்கள். தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் பழகியவர்களுக்குச் செல்லினம் செயலி அதே அமைப்பைத் தரும். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழில் பேசியும் எழுதலாம்; உரையாடல் நன்றாக வரும், நிறுத்தக்குறியும் சந்தியும் நீங்கள்தான் போட வேண்டும். இரவல் கணினியில் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால் எதையும் நிறுவாமல் மொழி அமைப்பிலேயே தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்கலாம்.

புதிய வரிகளைத் தனிக் கோப்பில், தேதியிட்ட பெயரில் எழுதுங்கள். மீட்ட பிரதி வந்ததும் எது புதிது, எது பழையது என்று குழம்பாமல் ஒட்டலாம்.

கணினி திரும்பி வந்ததும் பென் டிரைவைக் காலி செய்துவிடாதீர்கள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் திறந்து கடைசிப் பக்கம் வரை உருட்டுங்கள். பெயர் சரியாக இருந்தும் அளவு 0 கேபி என்று காட்டும் கோப்புகள் இருக்கலாம். அவற்றைப் பழைய டிஸ்க்கிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். எல்லாம் திறந்து, இரண்டாவது பிரதி கூகுள் டிரைவிலோ இன்னொரு பென் டிரைவிலோ ஏறிய பிறகு, கடைக்காரரிடம் ஃபார்மட் போடச் சொல்லலாம்.