செராமிக் கம்பியில் கத்தி தீட்டிப் பார்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கைப்பிடிக்குள் அடங்கும் இரண்டு செராமிக் கம்பிகளை 'வி' வடிவில் செருகித் தீட்டும் சின்னக் கருவி பற்றியது இது. கீழே போட்டால் உடையும், விரல் பத்திரம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. புதிதாக வாங்குபவர்கள் சறுக்குவது வேறு இடங்களில்.

தீட்டிய கையோடு காகிதத்தை வெட்டித் தீர்ப்புச் சொல்வது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தருவது இதுதான். நாலு இழுப்பு, காகிதம் சர்ரென்று வெட்டுப்படும், உடனே ஐந்து நட்சத்திரம். மறுநாள் தக்காளித் தோலில் கத்தி வழுக்கும். "எஃகு மட்டம்" என்று பழி கத்தியின் தலையில்.

அழுத்தித் தீட்டினால் விளிம்பில் உலோகம் மெல்லிய பிசிறாகத் திரண்டு மறுபக்கம் சாயும். அது நிமிர்ந்து நிற்கும்வரை காகிதத்தை அழகாக அறுக்கும். வெட்டுப்பலகையில் நாலு தட்டு விழுந்ததும் படுத்துவிடும், அல்லது பிய்ந்துபோய் மொட்டை விளிம்பை மிச்சம் வைக்கும். உருண்டைக் கம்பியில் கத்தி தொடும் இடம் புள்ளியளவுதான். கை கொஞ்சம் அழுத்தினாலும் அங்கே பாரம் பல மடங்கு. மழுங்கிவிட்டதென்று தினமும் அதே அழுத்தத்தில் தீட்டினால் கத்திதான் தேயும்.

பிசிறு இருக்கிறதா என்று பார்க்க, கட்டைவிரலைக் கத்தியின் முதுகுப் பக்கமிருந்து விளிம்பைத் தாண்டி வெளியே தடவுங்கள். விளிம்போடு நீளவாக்கில் தடவவே கூடாது. ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருந்தால், சொரசொரக்கும் பக்கம் பிசிறு. விரல் வைக்கப் பயமென்றால் பஞ்சை இழுத்துப் பாருங்கள், இழை சிக்கும்.

பிசிறை எடுப்பதற்கு, இடம் ஒன்று வலம் ஒன்று என மாற்றி மாற்றிப் பக்கத்துக்கு ஐந்தாறு இழுப்பு. கத்தியின் எடை மட்டும் போதும். அதன்பின் அட்டைப்பெட்டியைப் பத்துப் பன்னிரண்டு முறை அறுத்துவிட்டு, மறுபடி காகிதத்துக்கு வாருங்கள். அப்போதும் தடங்கலில்லாமல் ஓடினால் கருவிக்கு மதிப்பெண் போடலாம்.

கோணம் பார்க்காமல் குறை சொல்வது

பல கருவிகளில் கம்பி பக்கத்துக்கு 20 டிகிரி சாய்ந்திருக்கும். கத்தியின் விளிம்பு பக்கத்துக்கு 25 டிகிரியில் இருந்தால், கம்பி சரிவின் மேல்பகுதியைத்தான் தேய்க்கும், கூரைத் தொடாது. மார்க்கர் பேனாவால் விளிம்பின் சரிவில் மை பூசி, இரண்டு இழுப்புக்குப் பிறகு வெளிச்சத்தில் பாருங்கள். கூரோரம் மை அப்படியே இருந்தால், முதலில் கரடுமுரடான கல்லில் கோணத்தைக் குறைக்க வேண்டும். கூரோரம் மட்டும் மை அழிந்திருந்தால் கவலையில்லை. இந்தச் சோதனையில் கத்தி செங்குத்தாக நிற்க வேண்டும். கை சாய்ந்தால் கோணமும் சாயும்.

பல் விழுந்த கத்தியில் சோதிப்பது

வீண் வேலை. லேசாக மழுங்கிய கூரை மீட்கத்தான் இது.

நுனியை நழுவ விடுவது

10 செ.மீ. கம்பியில் 20 செ.மீ. கத்தியைத் தீட்டினால், ஒரு செ.மீ. இறங்குவதற்குள் இரண்டு செ.மீ. பின்னுக்கு இழுத்தாக வேண்டும். அவசரத்தில் நுனி கம்பியைத் தாண்டி நழுவும். நாளடைவில் உருண்டு போகும். நுனி கம்பிமேல் இருக்கும்போதே இழுப்பை நிறுத்துங்கள்.

எண்ணெய் விடுவது

தேவையில்லை.

கறுத்த கம்பியைத் தேய்ந்ததென்று எறிவது

அது கம்பியில் அப்பிய எஃகுத்தூள். கத்தி வழுக்கத் தொடங்கும். அதற்காக இன்னும் அழுத்தாதீர்கள். பாத்திரம் தேய்க்கும் பொடியை ஈர நாரில் தொட்டுத் தேய்த்துக் கழுவினால் வெள்ளை திரும்பும். அவ்வப்போது கம்பியைக் கொஞ்சம் திருப்பிச் செருகினால் புதுப் பரப்பு கிடைக்கும்.