தாளின் போக்கு பார்க்காமல் மடிக்காதீர்கள்: வீட்டில் செய்யும் ஓவியப் புத்தகங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு பிரிண்டரில் அச்சிட்டு, மடித்து, தைத்து ஓவியப் புத்தகம் செய்ய வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள். இந்தக் கைவேலையில் பழகிய எல்லோரும் ஒரு காலத்தில் விழுந்த அதே குழிகள். வெட்டு கோணலாவது, பசை விரல் படத்தில் பதிவது எல்லாம் நாலு புத்தகம் செய்தால் கையே திருத்திக்கொள்ளும். தானாகத் திருந்தாதவற்றை மட்டும் பார்ப்போம்.

நார்ப்போக்கைப் பார்க்காமல் மடிப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் ஆத்திரம் வருகிறது. வாரக்கணக்கில் வரைந்த படங்களை இந்த ஒரு தவறு கெடுத்துவிடும். அதுவும் புத்தகம் முடியும்வரை வெளியே தெரியாது.

இயந்திரத்தில் தாள் உருவாகும்போது, அது ஓடும் திசையிலேயே பெரும்பாலான நார்களும் படுத்துவிடுகின்றன. அச்சுத் தொழிலில் இதை கிரெயின் என்பார்கள். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு கத்தி போல விழும். குறுக்கே மடித்தால் நார்கள் முறியும்: ஓரம் சொரசொரக்கும், அச்சு வெடித்து வெள்ளைக் கோடு தெரியும், பக்கத்தைப் புரட்டினால் படியாமல் விறைத்து நிற்கும். மூடி வைத்த புத்தகம் தானாக வாய் பிளக்கும்.

ஈரம் பட்டால் இன்னும் மோசம். நார் ஈரத்தில் நீளுவதைவிடப் பருப்பதுதான் அதிகம். அதனால் தாளும் நாருக்குக் குறுக்காகவே கூடுதலாக விரியும். நார் புத்தகத்தின் முதுகுக்கு (பக்கங்கள் ஒன்றுசேரும் ஓரத்துக்கு) குறுக்கே இருந்தால் தாள் மேலும் கீழுமாக நீளப் பார்க்கும், ஆனால் முதுகில் பசையும் தையலும் பிடித்துக்கொண்டிருக்கும். முதுகருகே அலை அலையாக எழும் சுருக்கம் இப்படி வருவதுதான். எத்தனை நாள் பாரம் ஏற்றி வைத்தாலும் அது முழுதாகப் போகாது.

ஆகவே உள்தாள், கெட்டி அட்டை, அட்டைமேல் ஒட்டும் தாள் மூன்றிலும் நார் முதுகோடு ஒரே திசையில் போக வேண்டும்.

பலரும் சிக்குவது ஏ4 தாளில். அதில் பெரும்பாலும் நார் 297 மி.மீ. பக்கத்தோடு ஓடும். இரண்டாக மடித்து ஏ5 புத்தகம் செய்தால் மடிப்பு 210 மி.மீ. பக்கத்தோடு, அதாவது நாருக்கு நேர் குறுக்கே விழும். இதற்கு வழி, நீளவாக்கில் நார் ஓடும் ஏ3 தாளை வாங்கி, 420 மி.மீ. பக்கத்தை நடுவில் வெட்டுவது. கிடைக்கும் இரண்டு ஏ4 தாள்களிலும் நார் 210 மி.மீ. பக்கத்தோடு ஓடும்.

போக்கைக் கண்டுபிடிக்க, தாளை மடிக்காமல் வளைத்து உள்ளங்கையால் லேசாக அமுக்குங்கள். எந்தப் பக்கம் வளைத்தால் கை எளிதாக இறங்குகிறதோ, அப்படியே மடித்தால் மடிப்புக்கோடு எந்தத் திசையில் விழுமோ, நார் அந்தத் திசையில் ஓடுகிறது. சந்தேகமானால் ஒரு சிறு துண்டின் ஒரு முகத்தை மட்டும் நனையுங்கள். அது குழல் போலச் சுருளும். குழலின் நீளம்தான் நார்த்திசை. கெட்டி அட்டையை இரு பக்கமும் வளைத்துப் பாருங்கள். தெரிந்த உடனே பென்சிலால் அம்புக்குறி போடுங்கள். வெட்டிய துண்டுகள் கலந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டியிருக்கும்.

ஒரே ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரு கீறல் போட்டுச் செய்யும் குட்டிப் புத்தகத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அதில் மடிப்புகள் இரண்டு திசையிலும் விழும், அதில் ஒரு திசை எப்படியும் நாருக்குக் குறுக்கேதான் வரும். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் அதைத் தாங்கும். கனமான தாளை அதற்கு எடுக்காதீர்கள்.

டம்மி (வெற்றுத்தாள் மாதிரி) செய்யாமல் அச்சிடுவது

16 பக்கம் என்றால் நான்கு தாள். வெற்றுத் தாளை மடித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, பக்க எண்களை எழுதிப் பிரித்துப் பாருங்கள். வெளித்தாளின் ஒரு முகத்தில் 16, 1. மறு முகத்தில் 2, 15. எந்த முகத்திலும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 17 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ மாறிவிட்டது. இருபுறமும் அச்சிடும்போது தாளைக் குறுகிய ஓரத்தில் திருப்பும்படி தேர்வு செய்யுங்கள். நீண்ட ஓரத்தைத் தேர்ந்தால் பின்பக்கம் தலைகீழாக வரும்.

தைக்கும் முன்பே ஓரம் வெட்டுவது

உள்ளே செருகிய தாள்கள் வெளியே துருத்தும். தைத்த பிறகு வெட்டுங்கள்.

கருமையான படத்தை மடிப்பின் குறுக்கே வைப்பது

லேசர் பிரிண்டரின் டோனர் (பொடி மை) தாளுக்குள் ஊறாது, மேலே படிந்து நிற்கும். மடித்தால் உதிரும். தவிர்க்க முடியாவிட்டால், கூரில்லாத முனையால் முதலில் மடிப்புக்கோடு அழுத்திவிட்டு மெதுவாக மடியுங்கள்.

இங்க்ஜெட் படத்தின் மேல் நீர்ப்பசை

மை கரையலாம். கழிவுத் துண்டில் சோதிக்காமல் தொடாதீர்கள்.

நூலை உங்களை நோக்கி இழுப்பது

துளையிலிருந்து தாள் கிழிந்துவிடும். நூலை எப்போதும் மடிப்பின் நீளவாக்கிலேயே இழுத்து இறுக்குங்கள். துளைகளை மடிப்பின் உட்புறத்திலிருந்து வெளியே குத்துங்கள். மூன்று துளைத் தையலுக்கு முதுகின் உயரத்தைப்போல் இரண்டரை மடங்கு நூல் போதும்.

விசிறி மடிப்பை ஒவ்வொன்றாக அளப்பது

ஒவ்வொரு மடிப்பிலும் 1 மி.மீ. பிசகினால் எட்டாவதில் 8 மி.மீ. பிசகும். அளக்கவே வேண்டாம். முழுப் பட்டையைப் பாதியாக மடியுங்கள், ஒவ்வொரு பாதியையும் மறுபடி பாதியாக, இப்படியே எட்டுப் பகுதி வரும்வரை. பிறகு மடிப்புகளை மாற்றி மாற்றித் திருப்புங்கள். இங்கேயும் நார் மடிப்போடு போக வேண்டும். அதாவது நீளமான பட்டையில் நார் அகலவாக்கில் இருக்க வேண்டும். வெட்டுவதற்கு முன்பே இதைப் பாருங்கள்.