ஏயூசி 0.98 வந்ததா? முதலில் ஃப்ரீசரைத் திறந்து பாருங்கள்

போன மாதம் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆய்வு போஸ்டர்களுக்கு மார்க் போடக் கூப்பிட்டிருந்தார்கள். சினைப்பைப் புற்றுநோயை ரத்தத்தில் கண்டுபிடிக்கும் புரதங்கள் பற்றி ஒரு பி.எச்.டி. மாணவி போஸ்டர் வைத்திருந்தாள். ஒரு பரிசோதனை நோயாளியையும் நோயில்லாதவரையும் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று காட்டும் ஆர்.ஓ.சி. வளைவு இடது மேல் மூலையில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. வளைவுக்குக் கீழுள்ள பரப்பு, அதாவது ஏயூசி, 0.97. கேஸ் (நோயாளி), கன்ட்ரோல் (ஒப்பிட எடுத்த நோயில்லாதவர்) இரண்டு பேர் ரத்தமும் எங்கே எடுத்தது? நான் கேட்டது அது ஒன்றே ஒன்றுதான்.

“கன்ட்ரோல் ரத்தம் எங்கேம்மா எடுத்தே?”

“ஹெல்த் செக்கப்புக்கு வந்தவங்ககிட்ட, மேம்.”

“கேஸ்?”

“ஓ.டி.ல, மேம். ஆபரேஷன் அன்னைக்குக் காலையில.”

15 வருடத்துக்கு முந்தைய நானே அந்த போஸ்டருக்குப் பக்கத்தில் நிற்பது போல இருந்தது. அதே தவறு, அதே பூரிப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன். ட்யூபில் நம்பரை மாற்றி எழுதுவது, பிப்பெட்டைச் சரிபார்க்காமல் விடுவது, எத்திக்ஸ் அனுமதி வருவதற்கு முன்பே சாம்பிள் எடுப்பது பற்றியெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதற்குத் திட்ட உங்கள் கைடு இருக்கிறார்.

கேஸ் ஒரு வழி, கன்ட்ரோல் ஒரு வழி

என் கதையைச் சொல்கிறேன். 40 நோயாளிகள், 40 கன்ட்ரோல். நோயாளிகளின் ரத்தம் ஓ.டி.யில் (ஆபரேஷன் தியேட்டரில்) மயக்க மருந்து ஏறும் நேரத்தில் எடுக்கப்பட்டது. முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி, பயம், தூக்கமில்லை. எடுத்த ட்யூப் ஐஸ் பெட்டியில் பத்து நிமிடத்தில் லேபுக்கு வந்துவிடும். உடனே சென்ட்ரிஃப்யூஜ், உடனே மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்.

கன்ட்ரோல் ரத்தம் ஒரு முகாமில் எடுத்தது. வந்தவர்கள் இட்லி சாப்பிட்டுவிட்டு, சிரித்துப் பேசிக்கொண்டு கை நீட்டியவர்கள். ட்யூப்களை ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கி, மே மாத வெயிலில், ஆட்டோவில் கொண்டுவந்தோம். லேப் வந்து சேர நாலு மணி நேரம். பாதி ட்யூபில் சீரம் (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிநீர்) லேசாகச் சிவந்திருந்தது. ரத்த அணுக்கள் உடைந்து, உள்ளே இருந்ததெல்லாம் சீரத்தில் கலந்த அடையாளம் அது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு ஃப்ரீசரில் வைத்தேன். மேல் தட்டில் கேஸ், கீழ்த் தட்டில் கன்ட்ரோல். எடுக்கச் சௌகரியமாக இருக்கும் என்று திங்கள்கிழமை, புரத அளவைப் பார்க்கும் எலைசா பிளேட்டில் கேஸ் மட்டும் ஓட்டினேன். வியாழக்கிழமை பிளேட்டில் கன்ட்ரோல் மட்டும்.

ஏயூசி 0.98. இந்த எண் 1 என்றால் நோயாளியையும் நோயில்லாதவரையும் பிசகாமல் பிரிக்கிறது என்று பொருள்; 0.5 என்றால் காசு சுண்டிப் பார்ப்பதும் அதுவும் ஒன்று. கைடு மைசூர்பாகு வாங்கிவந்தார். மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பினோம்.

அப்புறம் புள்ளியியல் துறையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எக்செல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நோய் இருக்கு, இல்லைங்கிற நெடுவரிசையை அழிச்சிட்டு, அந்த இடத்துல திங்கள், வியாழன்னு போட்டுப் பாரும்மா” என்றார். போட்டேன். வளைவு இம்மி நகரவில்லை. நகராதே, கேஸ் முழுக்கத் திங்கள்தானே! ஆக, நான் கண்டுபிடித்தது புற்றுநோயையா, கிழமையையா என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

சந்தேகத்தைத் தீர்க்க, அதே ஓ.டி.யில் சாதாரண நீர்க்கட்டிக்கும் ஃபைப்ராய்டுக்கும் ஆபரேஷனுக்கு வந்த 8 பெண்களிடம் ரத்தம் எடுத்தோம். எங்கள் பேனல் (சேர்த்துப் பார்த்த புரதங்களின் தொகுப்பு) 8 பேரையும் புற்றுநோய் என்றது. பேனலில் எங்களுக்கு அதிகம் கைகொடுத்த புரதம் புரோலாக்டின். பயத்திலும் மயக்க மருந்திலும் ஏறும் ஹார்மோன் அது. ஆபரேஷன் மேஜையில் படுத்திருக்கும் யாருக்குத்தான் அது ஏறாது?

ஒன்றரை வருட மானியம் போனது. அதைக்கூட மறந்துவிடலாம். அந்த 40 பேரில் 6 பேர் ஸ்டேஜ் 1, ஆரம்ப நிலை. இந்த நோயில் ஸ்டேஜ் 1 சீரம் கிடைப்பது அபூர்வம். முக்கால்வாசிப் பேர் வயிறு வீங்கிய பிறகுதான் வருகிறார்கள். அந்த 6 ட்யூபையும் கடைசிச் சொட்டு வரை தீர்த்துவிட்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருவது அதற்குத்தான்.

உலகத்தில் முதலில் இடறியவள் நானும் இல்லை. 2002-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. சீரத்தை, மூலக்கூறுகளை எடை வாரியாகப் பிரிக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஓட்டி, புரத வடிவத்தை வைத்து 50 புற்றுநோய்களில் 50-ஐயும் பிடித்ததாகச் சொன்னது. நோயில்லாத 66 பேரில் தப்பாகப் பிடிபட்டவர்கள் 3 பேர்தான். பத்திரிகைகள் கொண்டாடின, வணிகப் பரிசோதனைக்கும் ஏற்பாடு நடந்தது. அந்தக் குழு வெளியிட்டிருந்த தரவை ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் கீத் பேகர்லியும் கெவின் கூம்ப்ஸும் வாங்கிப் பிரித்துப் பார்த்து 2004-ல் எழுதினார்கள். புரதமே இருக்க வாய்ப்பில்லாத, கருவியின் இரைச்சல் மட்டும் பதிவாகும் பகுதியை வைத்துக்கூடப் புற்றுநோயைப் பிரிக்க முடிந்தது. இரைச்சலுக்குப் புற்றுநோய் வராது. சாம்பிள்களைக் கையாண்டதில்தான் வித்தியாசம் இருந்திருக்க வேண்டும். அந்தப் பரிசோதனை கடைக்கு வரவே இல்லை.

சரி, எப்படிச் செய்வது? புள்ளியியலாளர் மார்கரெட் பெப்பேயும் சகாக்களும் 2008-ல் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். நோய் என்னவென்று தெரிவதற்கு முன்பே ரத்தத்தை எடுத்துவிடுங்கள். அடிவயிற்றில் கட்டி என்று ஓ.பி.க்கு வரும் எல்லாப் பெண்களிடமும், ஒரே அறையில், ஒரே வகை ட்யூபில். பயாப்ஸி முடிவு வந்த பிறகு கேஸ், கன்ட்ரோல் என்று பிரித்துக்கொள்ளலாம். பிளேட்டில் கலந்து வையுங்கள். ஓட்டுகிறவருக்கு எது எது என்று தெரியக்கூடாது.

இந்த ஒழுங்கில் பார்த்தால் என்ன ஆகிறது என்பதும் தெரிந்த கதைதான். அமெரிக்காவின் பெரிய புற்றுநோய் ஸ்கிரீனிங் ஆய்வான பி.எல்.சி.ஓ.வில், நோய் தெரிவதற்கு முன்பே எடுத்துவைத்திருந்த ரத்தத்தில் அதுவரை புகழ்பெற்றிருந்த பேனல்களை ஓட்டிப் பார்த்து 2011-ல் வெளியிட்டார்கள். 1980-களிலிருந்து இந்த நோய்க்கு ரத்தத்தில் பார்த்துவரும் கிழட்டுப் புரதம் சிஏ-125-ஐ ஒன்றுகூடத் தாண்டவில்லை.

அந்த 99 சதவீதம்

2008-ல் யேல் பல்கலைக்கழகக் குழு 6 புரதங்கள் கொண்ட ஒரு பரிசோதனையை வெளியிட்டது. அந்த 6-ல் புரோலாக்டினும் ஒன்று. பட்டியலைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் இங்கே சொல்ல வந்தது வேறு. சென்சிடிவிட்டி (நோயாளிகளில் சரியாகப் பிடிபடுகிறவர்கள்) 95.3 சதவீதம், ஸ்பெசிஃபிசிட்டி (நோயில்லாதவர்களில் சரியாக விடப்படுகிறவர்கள்) 99.4. பாசிட்டிவ் வந்தால் உண்மையிலேயே நோய் இருக்கும் வாய்ப்பு 99.3 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். ஆய்வில் ஏறக்குறையப் பாதிப் பேர் நோயாளிகள் என்பதால் வந்த எண் அது. ஊரில் பாதிப் பேருக்கா சினைப்பைப் புற்றுநோய்?

மாதவிடாய் நின்ற பெண்களில் 2,500 பேருக்கு ஒருவர் என்று வையுங்கள். அந்த ஒருவரைப் பரிசோதனை பிடித்துவிடும். மீதிப் பேரில் 0.6 சதவீதம், அதாவது 15 பேர், தப்பாகப் பிடிபடுவார்கள். 16 பாசிட்டிவில் ஒன்றுதான் நிஜம். மார்பகம் மாதிரி ஊசி போட்டுப் பார்க்கிற இடமும் இல்லை இது. கட்டி உடைந்தால் பரவிவிடும் என்ற பயத்தில் பெரும்பாலும் வயிற்றைத் திறந்தோ லேப்ராஸ்கோப்பிலோ சினைப்பையை எடுத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். அந்த 99.3-ஐப் பிறகு 6.5 என்று திருத்தினார்கள். ஜூனில் விற்பனைக்கு வந்த பரிசோதனை அக்டோபரில் நின்றது.

தப்பாகப் பிடிபடுவதன் விலையை பி.எல்.சி.ஓ.விலேயே பார்க்கலாம். 3,285 பெண்களுக்குப் பொய் பாசிட்டிவ். அவர்களில் 1,080 பேருக்கு அறுவை. அதில் 163 பேருக்குக் கடுமையான பின்விளைவு. நோயே இல்லாதவர்கள் இவர்கள்.

நம் ஊர் கன்ட்ரோலில் காசநோய் எங்கே?

சிஏ-125 மாதவிடாயில் ஏறும், கர்ப்பத்தில் ஏறும், எண்டோமெட்ரியோசிஸில் ஏறும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, எல்லோரும் ஒப்பிப்பார்கள். வயிற்றுக் காசநோயை மட்டும் கட்டுரையில் விட்டுவிடுவார்கள். வயிற்றில் நீர், எடை குறைவு, ஸ்கேனில் ஓமெண்டம் (குடலை மூடியிருக்கும் கொழுப்புப் படலம்) தடித்திருக்கும், சிஏ-125 ஐந்நூறு அறுநூறு. பார்த்தால் அச்சு அசல் ஸ்டேஜ் 3. இப்படி ஒரு பெண்ணைப் புற்றுநோய் என்றே நினைத்து ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருந்தார்கள். பயாப்ஸியில் கிரானுலோமா, காசநோயில் வரும் திசு முடிச்சு. காசநோய் மாத்திரையில் நீர் வற்றி, மறு வருடம் பேத்தியோடு வந்தார். உங்கள் கன்ட்ரோலில் ஆரோக்கியமானவர்கள் மட்டும் இருந்தால், இந்த அம்மாவை உங்கள் பரிசோதனை என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியாது.

சினைப்பைப் புற்றுநோய் என்று ஒரே நோய் இல்லை

அதிகம் பேரைக் கொல்லும் ஹை கிரேட் சீரஸ் வகை பெரும்பாலும் கருக்குழாயின் நுனியில் தொடங்குகிறது. க்ளியர் செல், மியூசினஸ் எல்லாம் வேறு பிறப்பு, வேறு குணம். ஒரே அட்டவணையில் கொட்டிக் கலக்காதீர்கள். லேபிலும் இதே குளறுபடிதான். எஸ்.கே.ஓ.வி.-3, ஏ-2780 என்ற செல் லைன்கள் (லேபில் வளர்த்துவரும் புற்றுநோய் செல்கள்) இரண்டும் எல்லா லேபிலும் சுலபமாக வளர்கின்றன என்பதற்காக அவற்றில் மருந்தைச் சோதித்துவிட்டு, ஹை கிரேட் சீரஸுக்கு மருந்து என்று தலைப்பு வைக்கிறார்கள். அந்த வகைக் கட்டிகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும், கட்டி வளராமல் தடுக்கும் பி-53 ஜீன் கெட்டிருக்கும். ஏ-2780-இல் அது நன்றாக இருக்கிறது. இந்த இரண்டு செல்களும் அந்த நோய்க்குப் பொருத்தமில்லை என்று 2013-லேயே மரபணுத் தரவோடு காட்டிவிட்டார்கள். இன்னும் ஆய்வேடுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

செல் லைனுக்கு எஸ்.டி.ஆர். சோதனை

கையில் இருப்பது சொன்ன செல்தானா என்று டி.என்.ஏ.வை வைத்துச் சரிபார்க்கும் சோதனை இது. அதை முடித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் போதுமா?

போதாது. பிரிட்டனில் 2,02,638 பெண்களை வைத்து நடந்த யு.கே.சி.டாக்ஸ் ஆய்வில், வருடாவருடம் சிஏ-125 பார்த்த குழுவில் ஸ்டேஜ் 1 கூடியது, ஸ்டேஜ் 4 குறைந்தது. இறப்பு குறையவில்லை என்று 2021-ல் முடிவு வந்தது. ஸ்டேஜ் மாறியதையே வெற்றியாக எழுதி முடிக்காதீர்கள்.

சிகிச்சை ஆய்வில் பி.எஃப்.எஸ். மட்டும் பார்ப்பது

பி.எஃப்.எஸ். என்பது நோய் மோசமாகாமல் இருக்கும் காலம். நோய் திரும்பத் தாமதமாவதும் ஆயுள் நீள்வதும் ஒன்றல்ல. பல கீமோ பார்த்தவர்களுக்குத் தனி மருந்தாகக் கொடுத்துவந்த பார்ப் தடுப்பு மருந்துகள் (புற்றுநோய் செல் தன் டி.என்.ஏ.வைச் சரிசெய்யவிடாதவை) மூன்றையும், அந்தப் பயன்பாட்டிலிருந்து 2022-ல் நிறுவனங்களே அமெரிக்காவில் திரும்பப் பெற்றன. காரணம், ஆயுள் கணக்கு.

அந்த மாணவி இரண்டு நாள் கழித்து போன் செய்தாள். “எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடவா, மேம்?” வேண்டாம் என்றேன். கேஸ் சீரம் அப்படியே இருக்கட்டும். இனிமேல் அதே ஓ.டி.யில், அதே காலையில், நீர்க்கட்டிக்கு வருகிறவர்களிடமும் எடு. ஓ.பி.யில் புதிதாக ஆரம்பி. பதிவேட்டில் ரத்தம் எடுத்த நேரம், ஃப்ரீசருக்குள் போன நேரம், சீரத்தின் நிறம் என்று மூன்று நெடுவரிசை போடு. மூன்றாவது நெடுவரிசை ஏன் மேம் என்று கேட்டாள். அந்த அட்டைப் பெட்டிக் கதையைச் சொன்னேன்.