மிக்சியைப் பெட்டியில் வைக்கும் முன் அதன் அடித்தகட்டைப் படியுங்கள்: டொராண்டோவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

சமூகக் காப்பீட்டு எண், ஓஹிப் அட்டை (ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை), வங்கிக் கணக்கு ஆகிய மூன்றையும் வந்த வாரமே தொடங்கிவிடுங்கள். தாள்கள் சரியாக இருந்தால் சிக்கல் வராது. இதற்கெல்லாம் வழி சொல்ல ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்கள். சமையலறை மின்சாரத்தைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

நம் ஊரில் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். கைப்பேசி, மடிக்கணினி சார்ஜர்களில் "100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருக்கும். முனையை மாற்றும் அடாப்டர் ஒன்று போதும். அந்த அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது.

சூடாக்கும் பொருள்களை ஊரிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். 1500 வாட் மின்கெட்டிலை எடுத்துக்கொள்வோம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் மின்னோட்டம்: 1500 ÷ 230, சுமார் 6.5 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை: 230 ÷ 6.5, சுமார் 35 ஓம். கடல் தாண்டினாலும் கம்பிச்சுருளின் இந்த 35 ஓம் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். இங்கே 120 ÷ 35, அதாவது சுமார் 3.4 ஆம்பியர்தான் பாயும். திறன் 120 × 3.4, ஏறத்தாழ 410 வாட். வோல்ட் பாதியாகக் குறைந்தால் வாட் கால்வாசியாகிவிடும். கெட்டில் எரியாது, ஆனால் காபிக்குத் தண்ணீர் கொதிப்பதற்குள் ரயில் போய்விடும். இங்கு வாங்கியதை ஊருக்குக் கொண்டுபோய் நேரடியாகச் செருகினால் நிலைமை தலைகீழ்: மூன்றரை மடங்குக்கும் மேல் வாட் ஏறி, நொடிகளில் கருகும்.

இப்போது மிக்சி. இதை எழுதத் தூண்டியதே அதுதான். என் நண்பர் ஒருவர், மனைவிக்குச் சீராக வந்த 750 வாட் மிக்சியைச் சேலத்திலிருந்து டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்குக் கொண்டுவந்தார். 120-ஐ 230 ஆக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். "750 வாட் மிக்சிக்கு 750 வாட் டிரான்ஸ்பார்மர் போதும்" என்று கடைக்காரர் அடித்துச் சொல்லி விற்றார். தேங்காய்ச் சட்னிக்கு ஓடியது. ஒரு சனிக்கிழமை வடைக்கு ஊறிய உளுந்தைப் போட்டபோது மோட்டார் முனகியது, டிரான்ஸ்பார்மர் புகைந்தது, புகை எச்சரிக்கை மணி அலறியது, மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி ஓடிவந்தார். டிரான்ஸ்பார்மரோடு மிக்சியின் சுருளும் போயிற்று. பணத்தையும் கடைக்காரர் திருப்பித் தரவில்லை. அந்த அம்மாள் அழுததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

கடைக்காரரின் கணக்கில் என்ன பிழை? 750 ÷ 230, சுமார் 3.3 ஆம்பியர் என்பது மோட்டார் சீராகச் சுழலும்போது இழுக்கும் அளவு. சுழலும் மோட்டார் தனக்குள் ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கும். மின்னோட்டத்தை அடக்கி வைப்பது அதுதான். நின்றிருக்கும் மோட்டாரில் அந்தத் தடுப்பு இல்லை, சுருளின் சொற்ப ஓம் மட்டுமே உண்டு. ஆகவே சுவிட்சைப் போட்ட கணத்தில் பல மடங்கு ஆம்பியர் பாயும். கெட்டி மாவில் பிளேடு திணறும்போதும் இதே கதைதான். சின்ன டிரான்ஸ்பார்மரால் அதைத் தாங்க முடியாமல் வோல்ட் இறங்கும். மோட்டார் இன்னும் மெதுவாகும். ஆம்பியர் இன்னும் ஏறும். சுருளில் பிறக்கும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது: ஆம்பியர் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. மோட்டார் உள்ள பொருளுக்கு அதன் வாட்டைப் போல இரண்டு, மூன்று மடங்கு தாங்கும் டிரான்ஸ்பார்மர்தான் வாங்க வேண்டும். அதில் சிஎஸ்ஏ போன்ற அங்கீகார முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அதற்காக 3000 வாட் பெட்டியை வாங்கினால் எதையும் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். சுவர்ப் பிளக்கின் பிரேக்கர் (ஆம்பியர் அளவு மீறினால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பெரும்பாலும் 15 ஆம்பியர்; 120 × 15 = 1800 வாட், அவ்வளவுதான். இங்கே வாங்கும் 1500 வாட் கெட்டிலே 12.5 ஆம்பியர் இழுக்கும். அதே பிரேக்கரில் மைக்ரோவேவையும் போட்டால் விழுந்துவிடும். அடித்தளத்தில் குடியிருப்பவர்கள் பிரேக்கர் பெட்டி எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வையுங்கள்.

"அடுப்புக்கும் துணி உலர்த்திக்கும் 240 வோல்ட் வருகிறதே, அதில் செருகினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். அவற்றின் பிரேக்கர் 30, 40 ஆம்பியர் அளவு. உங்கள் மிக்சியின் மெல்லிய வயர் எரிந்தாலும் அது விழாது. மேலும் அந்த இரண்டு கம்பியிலும் மின்சாரம் இருக்கும். நம் ஊர்போல ஒன்று நியூட்ரல் அல்ல.

கிரைண்டரை விட்டு வர மனம் வராது என்பது எனக்குத் தெரியும். நான் கோயம்புத்தூர்க்காரன்; புவிசார் குறியீடே வாங்கிய பொருள் அது. ஆனால் அதன் மோட்டார் 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. 60-இல் மோட்டார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும். கல்லின் எடைக்கே பெட்டியில் பாதி போய்விடும் என்பது வேறு. நம் ஊர் நிறுவனங்களே இந்த நாடுகளுக்கென 110-120 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் மிக்சியும் கிரைண்டரும் செய்து அனுப்புகின்றன. தமிழ்க் கடைகளில் கேளுங்கள். விலை ஊரைவிடக் கூடுதல்தான். வாங்கும்போது பெட்டியின் மேல் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, அடித்தகட்டில் இருக்கும் வோல்ட்டையும் ஹெர்ட்ஸையும் உங்கள் கண்ணால் படித்துப் பார்த்துப் பணம் கொடுங்கள்.